யாரோ திருப்பிப் போட்ட கண்ணாடி: ஒரு பழைய பித்தளைத் தொலைநோக்கி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் மூன்று பேர் வருகிறோம். தொலைநோக்கியை வாங்கிய சேகரிப்பாளர், அதை விற்றவர், கடைசியாகக் கூப்பிடப்பட்ட நான். "பெயர் போட வேண்டாம், ஆனால் நான் செய்த தப்பை மழுப்பவும் வேண்டாம்" என்று சேகரிப்பாளர் சொல்லிவிட்டார். நான் செய்த தப்பும் இதில் இருக்கிறது. அதையும் மழுப்பவில்லை.

அவர் பணி ஓய்வு பெற்றவர். ஜப்பானில் 1950களிலும் 60களிலும் செய்து ஏற்றுமதியான 60 மி.மீ. தொலைநோக்கிகள் ஐந்தாறு வைத்திருக்கிறார். 24.5 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்), மர முக்காலி, வெள்ளை எனாமல் குழாய் என்று அந்த வகை அவருக்கு அத்துப்படி. கெட்டிப்பட்ட கிரீஸைச் சுரண்டிப் புதிது வைப்பது, துருவேறிய திருகை மாற்றுவது, குழாயைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது எல்லாம் கைவந்த கலை. ஆனால் பித்தளைக் காலத்துக் கருவி ஒன்று அவரிடம் வந்தது இதுதான் முதல் தடவை. பின்னால் நடந்ததில் பாதி இதிலிருந்து கிளைத்ததுதான்.

வந்தது 3 அங்குல, அதாவது 76 மி.மீ. தொலைநோக்கி. முன் லென்ஸின் குவியத்தூரம் ஏறக்குறைய 1140 மி.மீ.; எஃப்/15, அதாவது லென்ஸின் விட்டத்தைப் போல 15 மடங்கு. பித்தளைக் குழாய், பல்சக்கரத்தில் நகரும் உள்குழாய், மரப்பெட்டி. பெட்டிக்குள் வானம் பார்க்க மூன்று ஐபீஸ்கள், தரைக் காட்சியை நிமிர்த்திக் காட்டும் நீளமான ஐபீஸ் ஒன்று, கறுப்புக் கண்ணாடி பதித்த சின்ன மூடி ஒன்று. பின்தட்டில் "டி. குக் அண்ட் சன்ஸ், யார்க்" என்று சாய்ந்த எழுத்தில் வெட்டியிருந்தது. ஆண்டு இல்லை.

விற்றவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே பதிவு செய்கிறேன்: "தாத்தாவுக்குப் பிறகு இதை யாரும் கழட்டினதே கிடையாதுங்க."

உண்மையான குக்தானா?

பித்தளைத் தொலைநோக்கி என்றாலே முதலில் சந்தேகம் வரவேண்டும். புதிதாகச் செய்து, ரசாயனத்தில் கறுக்க வைத்து, பழைய லண்டன் பெயர் ஒன்றைப் பொறித்து விற்கும் அலங்காரச் சாமான்கள் ஏராளம். "கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917" என்று பொறித்த கருவிகள் அடிக்கடி கண்ணில் படும். அந்தப் பெயரில் நிறுவனம் உருவானதே 1947-இல்தான்.

இங்கே அந்தச் சந்தேகம் சீக்கிரமே தீர்ந்தது. மரைகள் மெல்லியவை, சுத்தமாக வெட்டியவை. பல்சக்கரத்தில் ஆட்டம் இல்லை. எழுத்தின் அடியில் கை உளி ஓடிய தடம் உருப்பெருக்கியில் தெரிந்தது. அலங்காரச் சாமான்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சிறிய துளைத்தட்டு வைத்து, மட்டமான கண்ணாடியின் ஓரத்தை மறைத்திருப்பார்கள். இதில் 76 மி.மீ. முழுவதும் திறந்திருந்தது.

காலத்தைப் பொறுத்தவரை, தாமஸ் குக் யார்க்கில் 1837-இல் தொழில் தொடங்கியவர், 1868-இல் இறந்தார். மகன்கள் நடத்திய நிறுவனம் 1922-இல் இன்னொன்றோடு இணைந்து குக், ட்ரௌட்டன் அண்ட் சிம்ஸ் என்று பெயர் மாறியது. ஆகவே இது 1922-க்கு முந்தியது. அதற்கு மேல் நெருக்கிச் சொல்ல இந்தக் கருவியில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஊகித்து எழுதவும் அவர் விரும்பவில்லை. நல்ல குணம்.

முதல் வாரம்: பாலிஷ்

என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே நடந்தது இது. வந்த மறுநாளே அவர் கடையில் விற்கும் பித்தளை பாலிஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்தட்டிலிருந்து ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் அது தங்கமாக மின்னியது. துணியில் கறுப்பாக ஏதோ வந்தது. அழுக்கு என்று நினைத்தார்.

அது அழுக்கு அல்ல. வெட்டிய எழுத்துகளின் குழிக்குள் நிரப்பியிருந்த கறுப்பு மெழுகு. எழுத்து தூரத்திலிருந்தும் படிக்கத் தெரிவதற்காக அந்தக் காலத்தில் அப்படி நிரப்புவார்கள். "யார்க்" என்பதில் பாதி மெழுகு போனபிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் பின்தட்டும் உள்குழாயின் ஒரு சாணும் துலங்கிவிட்டன.

மெழுகோடு இன்னொன்றும் போயிற்று. அன்றைய பித்தளைக் கருவிகள் வெறும் பித்தளையாக வெளியே வரவில்லை. துலக்கி, லேசாகச் சூடாக்கி, சாராயத்தில் கரைத்த அரக்கை மெல்லிய தூரிகையால் ஒரே இழுப்பில் பூசுவார்கள். அந்தத் தேன் நிறப் படலம்தான் நூறு வருஷமாகப் பித்தளையைக் களிம்பிலிருந்து காத்து வந்தது. அது போய்விட்டால் மறுபடி பூசலாம். ஆனால் அது இன்றைய பூச்சு, குக் பட்டறையின் பூச்சு அல்ல.

அம்மோனியா கலந்த பாலிஷ் என்றால் இன்னொரு பயமும் உண்டு. இழுத்து நீட்டிச் செய்த பித்தளைக் குழாயில் உள் இறுக்கம் இருக்கும். அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் அது எங்கோ மயிரிழையாக வெடிக்கலாம். பிரிட்டிஷ் இந்தியப் படையில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு கண்டது இதனால்தான். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள். இவர் குழாயில் அப்படி எதுவும் இல்லை. உருப்பெருக்கி வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம்.

முதல் இரவு

மூன்றாவது வாரம் வானம் தெளிந்தது. வியாழனை 40 மடங்கில் பார்த்தபோது வட்டமாக, நான்கு நிலவுகளோடு அழகாக இருந்தது. 120 மடங்கு ஐபீஸைப் போட்டதும் கலங்கிவிட்டது. பட்டைகள் இல்லை, விளிம்பு இல்லை, நடுவில் வெளிச்சமான ஒரு கூழ். 5 வில்விநாடிக்கு (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) கொஞ்சம் மேல் பிரிந்திருக்கும் காஸ்டர் இரட்டை விண்மீன், 76 மி.மீ. லென்ஸுக்கு விளையாட்டுப் பொருள். அது ஒட்டிக்கொண்ட இரண்டு பஞ்சு உருண்டைகளாகத் தெரிந்தது.

அடுத்த வாரம் ஒளியியல் பட்டறை ஒன்றுக்கு எடுத்துப் போனார். லென்ஸைப் பிரிக்காமல், சுவரிலிருந்த காலண்டரை அதன் வழியாகப் பார்த்துவிட்டு, "பழைய கண்ணாடி, வலுப்போய்விட்டது. புது லென்ஸ் போட்டுத் தருகிறோம், இதே குழாயில் பொருந்தும்" என்றார்கள். அவர் கிட்டத்தட்ட சரி என்று சொல்லிவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "ஏற்கெனவே பாலிஷில் கை சுட்டுக்கொண்டேன் இல்லையா" என்றார்.

தொலைபேசியில் நான் சொன்னது

அதற்குப் பிறகுதான் எனக்கு அழைப்பு. ஒரு விண்மீனைக் குவியத்துக்குச் சற்று உள்ளேயும் சற்று வெளியேயும் வைத்துத் தெரிவதை வரைந்து அனுப்பச் சொன்னேன். துருவ நட்சத்திரம் இதற்கு வசதி, நகர்ந்து தொல்லை செய்யாது. நல்ல லென்ஸில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வட்ட வளையங்கள் தெரியவேண்டும்.

அவர் வரைந்ததில் இரண்டு குறைகள் இருந்தன. வளையங்கள் வட்டமாக இல்லாமல் மூன்று மூலை கொண்டவையாக இருந்தன. அதோடு, ஒரு பக்கம் வளையங்கள் கத்தி போலக் கூர்மையாக, வெளிவளையம் பிரகாசமாக இருக்க, மறுபக்கம் வெறும் பனிமூட்டம்.

நான் பார்த்தது முதல் குறையை மட்டும். மூன்று மூலை என்றால் லென்ஸைப் பிடித்திருக்கும் வளையம் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது, லென்ஸின் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைக்கும் மூன்று இடைத்தகடுகளும் கண்ணாடியை அழுத்துகின்றன என்று அர்த்தம். "பிடி வளையத்தைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். காதருகே வைத்து ஆட்டினால் லேசாக 'டிக்' என்று கேட்கவேண்டும். அவ்வளவுதான் உங்கள் பிரச்சினை" என்று சொல்லிவிட்டேன்.

தளர்த்தினார். முக்கோணம் வட்டமானது. கூழ் மட்டும் அப்படியே இருந்தது. மறுபடி கூப்பிட்டார். "காற்று சரியிருக்காது, இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள்" என்றேன். கையில் இருந்த வரைபடத்தை இன்னொரு முறை பார்த்திருந்தால் போதும். காற்று கலங்கினால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் கலங்கும். ஒரு பக்கம் கூர்மை, ஒரு பக்கம் மூட்டம் என்று காட்டாது. ஒரு குறையைக் கண்டுபிடித்த திருப்தியில் இன்னொன்றைத் தவறவிட்டேன். அந்த இரண்டு வாரத்தில் அவர் பட்டறைக்காரரிடம் மறுபடி ஒரு முறை பேசியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிரிப்பதற்கு முன் பார்த்தவை

நேரில் போனபோது முதலில் வியாழனின் விளிம்பை 80 மடங்கில் பார்த்தேன். கூழாகத்தான் இருந்தது, ஆனால் நிறம் பிசகவில்லை. இந்தக் குவியத்தூரத்தில் ஒரு நல்ல இரட்டை லென்ஸ் காட்டும் மெல்லிய ஊதா மட்டும் இருந்தது. எனக்குப் பொறி தட்டிய இடம் அதுதான்.

விளக்கிச் சொல்கிறேன். இவ்வகை முன் லென்ஸ் இரண்டு கண்ணாடிகளால் ஆனது: முன்னால் இருபுறமும் குவிந்த, கிரவுன் என்ற வகைக் கண்ணாடி; பின்னால் குழிந்த, ஃபிளிண்ட் என்ற வகைக் கண்ணாடி. கிரவுன் கொண்டுவரும் நிறச்சிதறலை ஃபிளிண்ட் எதிர்த்து அடக்குகிறது. ஆங்கிலேயக் கருவி செய்பவர் ஜான் டாலண்ட் 1758-இல் காப்புரிமை பெற்றது இந்தச் சேர்க்கைக்குத்தான். இரண்டுக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி விட்டு அதைச் செம்மைப்படுத்தியவர் ஜெர்மன் ஒளியியலாளர் ஃபிரான்ஹோஃபர். நிறம் சரியாவது முக்கியமாக இரண்டு கண்ணாடிகளின் வகையையும் மொத்த வலுவையும் பொறுத்தது. கிரவுனை முன்பின்னாகத் திருப்பிப் போட்டாலும் அதன் வலு அதேதான், ஆகவே நிறம் பெரிதாகக் கெடாது. ஆனால் லென்ஸின் ஓரத்தில் வரும் கதிரும் நடுவில் வரும் கதிரும் ஒரே இடத்தில் சேர்வது, எந்த வளைவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. நிறம் நன்றாக இருந்து வளையம் மட்டும் இரு பக்கமும் வேறுபட்டால், கண்ணாடி ஜோடி அசல், வைத்த விதம் தப்பு என்று சந்தேகிக்க இடமுண்டு.

இரண்டு கண்ணாடி, ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகத் திருப்பலாம், எது முன்னால் என்பதில் இரண்டு வழி. மொத்தம் எட்டு. அதில் சரியானது ஒன்று. கிரவுனின் இரு முகங்களும் ஒரே வளைவாக இருக்கும் வடிவமைப்புகளும் உண்டு. அங்கே கிரவுனைத் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. பலரும் "நான் திருப்பிப் போட்டேன், நன்றாகத்தானே இருக்கிறது" என்று சாதிப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

விளக்கை அணைத்துவிட்டு, சிறிய டார்ச் ஒன்றை லென்ஸுக்கு முன் பிடித்தோம். இடைவெளி விட்ட இரட்டை லென்ஸில் நான்கு பரப்புகள், ஆகவே நான்கு பிரதிபலிப்புகள். நடுவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பரப்புகளும் ஏறத்தாழ ஒரே வளைவு கொண்டவை என்றால், அவற்றின் பிரதிபலிப்புகள் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே அளவில் சேர்ந்தே நகரும். இங்கே இரட்டையே இல்லை. நான்கும் நான்கு அளவு, நான்கு திசை. பச்சை விளக்கொளியில் நியூட்டன் வளையங்களை, அதாவது மிக நெருங்கிய இரண்டு கண்ணாடிப் பரப்புகளுக்கு நடுவே தெரியும் ஒளி வளையங்களை, தேடினோம். சரியாகப் பொருந்திய ஜோடியில் அகலமான வளையங்கள் தெரியும். ஒன்றுகூடத் தெரியவில்லை, நடு இடைவெளி அவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது.

கடைசியாக அவர்தான் கவனித்தார். பிடி வளையத்தில் ஸ்பேனர் மாட்டும் இரண்டு பள்ளங்களில் ஒன்றின் ஓரத்தில் ஒரு கீறல், பளிச்சென்று மஞ்சளாக. சுற்றியிருந்த பித்தளை கறுத்திருக்க, கீறல் மட்டும் புதிது. "நான் தளர்த்தினபோது ரப்பர் வைத்துத்தான் திருப்பினேன். இது என் வேலை இல்லை" என்றார். தாத்தாவுக்குப் பிறகு யாரோ கழட்டியிருக்கிறார்கள்.

எடுத்த முடிவு

மூன்று வழிகள் இருந்தன. பட்டறை சொன்னபடி புது லென்ஸ். பழைய லென்ஸை மறுபடி தேய்க்கக் கொடுப்பது. அல்லது நாமே பிரித்துப் பார்ப்பது. முதல் இரண்டும் திரும்பி வரமுடியாதவை. அதிலும் தேய்ப்பது மோசம், பரப்பு போனால் போனதுதான். பிரிப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை, ஓரம் உடையலாம், கீறலாம். ஆனால் கவனமாகச் செய்தால் பழைய நிலைக்கே திரும்பலாம். அதனால் பிரிப்பது என்று முடிவு செய்தோம். அன்றே வேண்டாம், பகலில் செய்யலாம் என்று தள்ளிவைத்தது அவர். அந்த இரவில் நான் பிரித்திருப்பேன்.

பிரித்தது

பிடி வளையம் ஏற்கெனவே தளர்ந்திருந்ததால் வம்பு செய்யவில்லை. லென்ஸை விரலால் தள்ளக்கூடாது, சாய்ந்து சிக்கிக்கொள்ளும். லென்ஸைவிடச் சற்றுச் சிறிய வாயுள்ள டப்பா ஒன்றைக் குப்புறக் கவிழ்த்து, அதன் மேல் மெல்லிய பருத்தித் துணியை மடித்துப் போட்டு, பிடி வளையம் வந்த பக்கம் மேலே இருக்கும்படி லென்ஸ் கூட்டை அதன்மேல் வைத்துக் கூட்டை மெதுவாகக் கீழே இறக்கினோம். லென்ஸ் ஜோடி டப்பாவின் மேல் நின்றது, கூடு கீழே போயிற்று.

ஓரத்தைப் பார்த்ததும் அவர் பேசவில்லை. கையால் சுட்டிக்காட்டினார்.

ஃபிளிண்டின் ஓரத்தில் பென்சிலில் இழுத்த இரண்டு சாய்கோடுகள், ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போய், சேர்வதற்கு முன்பே கண்ணாடி விளிம்பில் நின்றுவிட்டன. கிரவுனின் ஓரத்தில் அந்தக் குறியின் மிச்சம், ஒரு சின்னக் கூர்முனை. அது ஃபிளிண்டைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. லென்ஸ் செய்தவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுத்த ஒரே அம்புக்குறி, இரண்டாகப் பிளந்து முதுகைக் காட்டி நின்றது. கிரவுனைத் திருப்பி, இரண்டு பாதியும் சேரும்படி சுழற்றினால் வேலை முடிந்தது. ஓரத்தை ஸ்பிரிட் வைத்துத் துடைக்கலாமா என்று அவர் முதல் நாள் கேட்டிருந்தார். துடைத்திருந்தால் எட்டு வழியையும் எண்ணற்ற சுழற்சிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருப்போம்.

இங்கே என் இரண்டாவது தப்பு. கண்ணாடிகளைப் பிரித்தபோது இடைத்தகடுகளான மூன்று ஈயத்தகட்டுத் துணுக்குகளில் ஒன்று துணியில் ஒட்டி, எங்கே இருந்தது என்று தெரியாமல் போயிற்று. ஓரத்தைப் படம் எடுத்திருந்தோம், துணுக்குகளின் இடத்தை எடுக்கவில்லை. மிஞ்சிய இரண்டும் எந்த இடத்தில் இருந்தன என்பது கண்ணாடியில் பதிந்திருந்த தடத்தில் தெரிந்ததால் மூன்றாவதை 120 பாகைக் கணக்கில் அனுமானித்தோம். பழைய துணுக்கு மடங்கிக் கிழிந்திருந்ததால், மற்ற இரண்டின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து அதே அளவில் புதிது வெட்டினோம். கிழிந்ததை ஒரு சிறு காகித உறையில் போட்டுப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்.

சுத்தம் செய்தது சொல்பம். காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, அழுத்தாமல் இழுக்கும் பஞ்சு. பழைய ஃபிளிண்ட் மெத்தென்ற கண்ணாடி, எளிதில் கறை ஏறும். முன் முகத்தில் வட்ட வட்டமாக மயிர்க் கீறல்கள் இருந்தன. உலர்ந்த துணியால் யாரோ அழுத்தித் தேய்த்தவை. அவற்றை அப்படியே விட்டோம்.

பின்பு நடந்தது

திரும்பப் பூட்டியதும் டார்ச்சில் இரட்டைப் பிள்ளைகள் வந்துவிட்டன. பச்சை ஒளியில் நான்கைந்து அகலமான வளையங்கள், நடுவில் மையம் கொண்டு. வெளியே எடுத்துப் போகுமுன்பே இருவருக்கும் தெரிந்துவிட்டது.

வானத்தில் சோதிக்க மூன்று வாரம் காத்திருந்தோம். லைரா விண்மீன் குழுவில் "இரட்டை இரட்டை" எனப்படும் நான்கு விண்மீன்கள், இரண்டு ஜோடிகளாக, உயர வந்திருந்தன. 40 மடங்கில் இரண்டு புள்ளிகள். 120 மடங்கில் ஒவ்வொரு புள்ளியும் இரண்டாகப் பிளந்தது. நடுவே மயிரிழை இருட்டு. ஒவ்வொரு ஜோடிக்கும் இடைவெளி 2.3 வில்விநாடி சுமார். 76 மி.மீ. லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி, அதாவது டாஸ் எல்லை, 1.5 வில்விநாடி. ஆகவே இது சாதனை அல்ல; இந்த லென்ஸ் செய்யவேண்டியதைச் செய்கிறது, அவ்வளவுதான். குவியத்தின் இரு பக்கமும் வளையங்கள் ஒன்றுபோல இருந்தன. அவர் ஐபீஸை விட்டு நகரவே இல்லை. நான் பார்க்க அரை மணி ஆயிற்று.

விற்றவரிடம் பிறகு கேட்டார், குற்றம் சொல்லும் குரலில் அல்ல. விற்பதற்கு முன் தூசியாக இருக்கிறதே என்று வீட்டில் ஒருவர் லென்ஸைக் கழற்றித் துடைத்தது உண்மை என்று ஒத்துக்கொண்டார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. துடைத்ததைக் "கழட்டினது" என்ற கணக்கில் அவர் சேர்க்கவே இல்லை.

பெட்டியிலிருந்த கறுப்புக் கண்ணாடி மூடியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஐபீஸின் மேல் திருகிச் சூரியனைப் பார்க்கக் கொடுத்தது அது. முன் லென்ஸ் குவிக்கும் வெப்பம் முழுவதும் அந்தச் சிறு கண்ணாடியில்தான் இறங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெடித்தால் கண் போய்விடும். ஜப்பானியத் தொலைநோக்கிகளோடு வரும், "சன்" என்று எழுதிய சின்ன வடிகட்டியும் இதே ரகம்தான். அவர் அவற்றை எப்போதோ தனியே எடுத்து வைத்திருந்தார். இது வேறு வடிவத்தில் இருந்ததால் அடையாளம் தெரியவில்லை. தூக்கிப் போடவில்லை, அது கருவியின் வரலாறு. தனி உறையில் கட்டி, "சூரியனுக்குப் பயன்படுத்தாதே" என்று சிவப்பில் எழுதினோம். சூரியனைப் பார்க்க முன் லென்ஸை முழுதாக மூடும் தாள் வடிகட்டி வாங்கிவிட்டார்.

இன்றைய 31.7 மி.மீ. ஐபீஸ்களைப் போடவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. கருவியின் மரை வேறு. உள்குழாயைக் கடைந்து மாற்றலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதற்குப் பதில் கருவியின் மரைக்கு ஏற்ற இணைப்பு ஒன்றைத் தனியாகக் கடையச் செய்தோம். கழற்றினால் கருவி பழையபடி.

பித்தளைக்குத்தான் நல்ல முடிவு ஒன்றும் கிடைக்கவில்லை. துலக்கிய பின்தட்டை மறுபடி அரக்கு பூசலாமா என்று நெடுநேரம் பேசினோம். மீதிக் குழாயின் தேன் நிறத்தோடு அது ஒருபோதும் சேராது. சேர்ந்தால் இன்னும் மோசம், பிறகு யாருக்கும் எது அசல் என்று தெரியாது. நுண்படிக மெழுகு மட்டும் மெல்லியதாகப் பூசி விட்டிருக்கிறார், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். எழுத்தில் கறுப்பு மெழுகை நிரப்பவில்லை. போன மாதம் இன்னொரு சேகரிப்பாளர் பார்க்க வந்தார். லென்ஸ் வழியாகப் பார்ப்பதற்கு முன் பின்தட்டைத்தான் பார்த்தார். "யார்க்" மேல் விரலை வைத்துத் தடவினார். ஒன்றும் கேட்கவில்லை.

இனி எப்படிச் செய்வோம்

துணியைக் கையில் எடுக்கும் முன் ஒரு இரவு வானத்தைப் பார்க்கவேண்டும். இவர் விஷயத்தில் அந்த வரிசை தலைகீழாகப் போனது. லென்ஸில் ஏதோ இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் கவனம் அங்கே போயிருக்கும், பாலிஷ் டப்பா மூடியே இருந்திருக்கும் என்று அவரே சொல்கிறார். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. பித்தளை மங்கலாக இருந்தால் துலக்கவேண்டும் என்ற கை அரிப்பு பலமானது.

என் பக்கம்: வரைபடம் வந்தால் இரண்டு முறை பார்ப்பேன், அதில் உள்ள எல்லாக் குறைகளுக்கும் காரணம் சொல்ல முடியாதவரை "அவ்வளவுதான் உங்கள் பிரச்சினை" என்று சொல்லமாட்டேன். லென்ஸைப் பிரிப்பதற்கு முன் டார்ச்சும் பச்சை விளக்கும், பிரிக்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு படம், இடைத்தகடுகள் உட்பட. பிடி வளையத்தின் பள்ளங்களை இப்போதெல்லாம் கருவியை வாங்கும் முன்பே உருப்பெருக்கியில் பார்த்துவிடுகிறேன். விற்பவரிடம் "கழட்டினீர்களா" என்று கேட்பதில்லை. "கடைசியாக எப்போது துடைத்தீர்கள், எப்படித் துடைத்தீர்கள்" என்று கேட்கிறேன்.

பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு அட்டை செருகி வைக்கச் சொன்னேன். கிரவுனின் அதிக வளைந்த முகம் உள்ளே, அம்புக்குறி சேரவேண்டும், இடைத்தகடு ஒன்று புதியது, அதன் தடிமன் இவ்வளவு, இணைப்பு பின்னால் செய்தது என்று எல்லாவற்றையும் பென்சிலில் எழுதினார். பின்தட்டைப் பற்றி எழுதவேண்டிய இடத்தில் பேனா, பென்சில் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு, காபி போடப் போனார். அன்று அந்த வரி காலியாகவே இருந்தது. மறுநாள் படம் எடுத்து அனுப்பினார். தேதி போட்டு, "பின்தட்டிலும் உள்குழாயிலும் அரக்குப் பூச்சு பாலிஷால் நீக்கப்பட்டது. நீக்கியவன் நான்" என்று எழுதி, கீழே கையெழுத்து.